இரண்டாவது தொடர்பு எண்

நோட்டில் முதல் இடத்தில் இருக்கிற பாட்டு உன் அப்பாவுக்குப் பிடித்த பாட்டு இல்லை, அம்மா. அது எனக்குப் பிடித்த பாட்டு.

நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பி, "சித்தப்பா, அப்பா நினைவுக் கூட்டத்துல இந்தப் பாட்டைத்தானே கடைசியா போடணும்? இதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, நான் மேடையில படிச்சுடறேன்" என்று கேட்டிருந்தாய். தவறான பாட்டைப் போட்டுவிடக் கூடாதே என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அது எப்படி முதல் இடத்துக்கு வந்தது என்று சொல்லத் தொடங்கினால் இரண்டு பக்கத்தில் அடங்காது. மேடையில் படிக்கவும் முடியாது. நீ தனியாக உட்கார்ந்து படி.

டயர் கடைக்கு மேலே இருந்த அந்த டயாலிசிஸ் சென்டருக்கு நீ இரண்டு முறை வந்திருக்கிறாய். படியேறியதும் எடை பார்க்கிற மெஷின், உள்ளே ஐந்து சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ரத்தம் சுத்திகரிக்கிற மெஷின். செவ்வாய், வியாழன், சனி மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை எங்கள் ஷிஃப்ட். உன் அப்பா, நான், தையல் வேலை பார்க்கும் அக்கா, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஐயா. ஐந்தாவது நாற்காலியில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஏன் மாறுகிறார்கள் என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை.

நான் லாரி எடைமேடையில் எழுத்தராக இருப்பவன். லோடோடு ஒரு எடை, இறக்கியபின் ஒரு எடை. சென்டரில் எனக்கும் அதையேதான் செய்தார்கள். வரும்போது உடம்பில் மூன்று கிலோ தண்ணீர் தேங்கியிருக்கும், போகும்போது அதை உறிஞ்சி எடுத்து அனுப்புவார்கள். இதைச் சொன்ன முதல் நாளே உன் அப்பா எனக்குக் கிலோ சார் என்று பேர் வைத்துவிட்டார். நாங்கள் அவருக்கு வைத்த பேர் ரெண்டாம் சரணம்.

அந்தப் பேர் வந்த கதையை நீ மேடையில் சொல்லலாம், அதில் ஒன்றும் இல்லை. நாலு மணி நேரம் ஒரு கையை அசைக்காமல் கிடக்கவேண்டும். நோயைப் பேசினால் கடிகாரம் நகராது. அரசியல் பேசினால் கார்டு ஐயாவுக்கு பிரஷர் ஏறி அவருடைய மெஷின் கத்தும். ஒரு நாள் சிஸ்டரின் போனில் ஏதோ ஒரு பாட்டு அடித்தது. "இந்தப் பாட்டுக்கு உசுரே ரெண்டாவது சரணம்தான். அதை விட்டுட்டு பல்லவியை மட்டும் வெட்டி வச்சிருக்காங்க" என்றார் உன் அப்பா. பல்லவிதானய்யா பாட்டு என்றார் கார்டு ஐயா. அவ்வளவுதான். ஊசியை உருவும் வரை பொழுது போனதே தெரியவில்லை.

"பல்லவியை மெட்டே எழுதிடும்," என்பார் உன் அப்பா. "மொத சரணத்தைக் கதை எழுதிடும். ரெண்டாவது சரணத்துக்கு வரும்போது சொல்றதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது. அங்கதான் எழுதினவன் யாருன்னு மாட்டுவான்."

எல்லாக் காலத்துக்கும் சிறந்த பத்துப் பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவானது. ஆளுக்கு ஐம்பது பாட்டு கொடுத்தோம், தையல் அக்கா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு நாளும் சிலவற்றை வாதாடித் தள்ளினோம். தையல் அக்கா சோகப் பாட்டு எதற்கும் ஓட்டுப் போடமாட்டார். "அழறதுக்கு வீட்ல ஆள் இருக்கு, இங்க வந்துமா" என்பார். கார்டு ஐயாவுக்குத் தான் வேலைக்குச் சேர்ந்த வருடத்துக்குப் பிறகு வந்ததெல்லாம் வெறும் சத்தம். அக்காவின் குத்துப்பாட்டு ஒன்றைப் பட்டியலிலிருந்து எடுத்தபிறகு அக்கா மூன்று நாள் யாருடனும் பேசவில்லை. ஐந்து மாதம் இப்படிப் போனது. செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருந்த ஐந்து மாதம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

கடைசியில் முதல் இடத்துக்கு இரண்டு பாட்டு மிஞ்சியது. ஒன்று ஓடக்காரன் பாட்டு. அதுதான் உன் அப்பாவுடைய பாட்டு. கூட்டத்தில் அதைப் போடு. அதன் இரண்டாவது சரணத்தில் பாடுகிறவர் ஒரு சொல்லின் நடுவே மூச்சு வாங்குவார். அது பிசகு என்பார் கார்டு ஐயா. "பிசகில்ல. துடுப்பு தண்ணிக்குள்ள போற எடம் அது" என்பார் உன் அப்பா. முப்பது வருடம் கண்ணாடி வெட்டியவர். வைர முனையால் கோடு போட்டுவிட்டு, தட்டி உடைக்கும் முன் ஒரு நொடி மூச்சை நிறுத்தவேண்டுமாம். அந்த நொடி இந்தப் பாட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வேறு விளக்கம் தரமாட்டார்.

இன்னொன்று ஒரு பெண் குரல் பாட்டு. ஜன்னல் பாட்டு என்போம். அதை நான் சொன்னதற்குக் காரணம் என் மனைவி. அதை அவள் வீட்டில் முணுமுணுத்துக்கொண்டே இருந்த காலம் ஒன்று உண்டு. எனக்கு இந்த நோய் வந்தபிறகு அவள் பாடவில்லை. என் தண்ணீரை அளந்துகொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு அரை லிட்டர் பாட்டில் ஒன்று. அதைத் தாண்டினால் தண்ணீர் நுரையீரலில் ஏறும். நான் வாய் கொப்பளிக்கப் போனால் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, நான் துப்பும் சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பாள்.

இப்போது என் கையைப் பற்றிச் சொல்லவேண்டும். மெஷினோடு இணைக்க வசதியாகக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்து வைப்பார்கள். உன் அப்பாவின் கையில் தொட்டுப் பார்த்திருப்பாய், உள்ளே ஒரு வண்டு சுற்றுவதுபோல் இருக்கும். அந்த இரைச்சல் இருக்கும் வரைதான் நமக்கு மெஷின். காலையில் கண் விழித்ததும் நான் செய்கிற முதல் வேலை கையைக் காதோடு வைத்துக் கேட்பது. ஒரு நாள் காலை இடது கையில் சத்தம் இல்லை. வலது கையில் செய்தார்கள். ஏழு மாதத்தில் அதுவும் நின்றது. பிறகு கழுத்தில் குழாய். அதில் கிருமி வந்து எடுத்துவிட்டு மறுபக்கம் போட்டார்கள். டாக்டர் நல்லவர், சுற்றி வளைக்கவில்லை. "இதுவும் போச்சுன்னா அடுத்து எங்க போடறதுன்னு எனக்கே தெரியல" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் என் மனைவி என் தோளில் சாய்ந்து தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

மூளைச்சாவு ஏற்பட்டவர்களின் சிறுநீரகத்துக்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பட்டியல் உண்டு. நானும் உன் அப்பாவும் ஒரே ரத்த வகை. அவர் எனக்குப் பதினோரு வாரம் முன்னால் பதிந்தவர். எங்களுக்கு மேலே இருந்தவர்களுக்குக் கிடைத்துவிட்டது. அடுத்தது அவர், அதற்கடுத்தது நான். இது இருவருக்கும் தெரியும். அதை வைத்து ஜோக் அடிப்பார். "நான் எறங்கினாத்தான் உங்களுக்கு சீட்டு, கிலோ சார்."

நீ உன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று சொன்னதும், அவர் மறுத்ததும் எனக்குத் தெரியும். "எம் பொண்ணு மேல கத்தி வச்சுட்டு நான் பாட்டு கேக்கறதா" என்று என்னிடம் சொன்னார். நீ வெளியூரில் வேலையில் இருந்தாய். அதனால் ஆஸ்பத்திரிப் படிவத்தில், உங்கள் எண்ணில் கிடைக்காவிட்டால் யாரை அழைக்கவேண்டும் என்ற இடத்தில் என்னுடைய எண்ணை எழுதினார். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினார். எனக்குப் பெருமையாக இருந்தது. எனக்கான படிவத்தில் என் மனைவியின் எண்தான் இருந்தது. என் ஆஸ்பத்திரி விஷயமெல்லாம் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

உன் அப்பாவின் போனில்தான் பாட்டுப் போடுவோம். ஒரு சனிக்கிழமை ஓடக்காரன் பாட்டின் இரண்டாவது சரணத்தில் ஒரு போன் வந்து பாட்டு நின்றுவிட்டது. அது நீ செய்த போன். அதற்காக நீ வருந்தாதே. தையல் அக்கா சிரித்துவிட்டார், உன் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்போது நான்தான் சொன்னேன், இறுதி ஓட்டெடுப்பு அன்று போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடலாம் என்று. "ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்பிட்டா?" என்றார். "என் நம்பர் இருக்குல்ல" என்றேன். அதைச் சொன்னபோது என் மனதில் ஒன்றும் இல்லை. இதை நீ நம்பவேண்டும்.

இறுதி ஓட்டெடுப்பு ஒரு வியாழக்கிழமை, மதியம் ஒன்றரை மணி. உன் அப்பா ஃப்ளைட் மோடில் போட்டு, என்னிடம் காட்டிவிட்டு, பாட்டைத் தொடங்கினார். முதல் சரணம் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் போன் வந்தது. சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன், தொடையில் அதிர்ந்தது. எடுத்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் பட்டியலைக் கவனிக்கிற பெண். உன் அப்பா பெயரைச் சொல்லி, மூணு தடவை போட்டும் கிடைக்கலை, நீங்கதானே ரெண்டாவது நம்பர், ஒரு கிட்னி வந்திருக்கு, அரை மணிக்குள்ள பதில் வேணும், அவரைப் பிடிக்க முடியுமா என்று கேட்டாள்.

உன் அப்பா எனக்கு அடுத்த நாற்காலி. கையை நீட்டினால் போர்வை எட்டும். கண்ணை மூடியிருந்தார். ஊசி இல்லாத கை விரல்கள் நாற்காலிக் கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"அவருக்கு ரெண்டு நாளா குளிர் காய்ச்சல்ம்மா" என்றேன், பாட்டின் சத்தத்துக்குக் கீழே.

காய்ச்சல் என்றால் கிருமி. கிருமி இருந்தால் ஆபரேஷன் செய்யமாட்டார்கள். இது நாற்காலியில் கிடக்கிற எங்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியூர் போயிருக்கிறார் என்றால் தேடுவார்கள். காய்ச்சல் என்றால் தேடமாட்டார்கள். இதையெல்லாம் யோசித்துச் சொன்னேனா என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். யோசிக்கவில்லை. ஆனால் சரியாக அந்தச் சொல்தான் வந்தது.

"அடடா, பாவம்" என்றாள். "அப்ப இந்தத் தடவை முடியாது. சரியானதும் டாக்டர் சீட்டோட வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் அவர் பேரை நிறுத்திவைப்போம். சீட்டு வந்தாத்தான் மறுபடி சேர்ப்போம். மறக்காம சொல்லிடுங்க." சொல்கிறேன் என்றேன். போனை வைத்தபோது இரண்டாவது சரணம் வந்திருந்தது. உன் அப்பா கண்ணைத் திறந்து, கேட்டீர்களா என்பதுபோல் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நான் தலையாட்டினேன். நல்ல பாட்டுதான். அதை நான் மறுக்கவில்லை.

முக்கால் மணி நேரத்தில் என் மனைவி வந்தாள். படியில் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல், ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்து, "வந்துருச்சுங்க, போன் வந்துருச்சுங்க" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தையல் அக்கா அழுதார். கார்டு ஐயா விசில் ஊதுவதுபோல் வாயில் விரல் வைத்தார். சிஸ்டர் என்னை மெஷினிலிருந்து பிரிக்கத் தொடங்கினாள்.

உன் அப்பா, "பொருத்தம்னு ஒண்ணு பாப்பாங்கல்ல. எனக்குப் பொருந்தியிருக்காது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். என் கையைப் பிடித்தார். "போய்ட்டு வாங்க. அக்கா, நோட்டை எடுங்க. கிலோ சார் ஆபரேஷனுக்குப் போறாரு, என் ஓட்டு அவர் பாட்டுக்கு" என்றார். மற்ற இருவரும் அப்படியே போட்டார்கள். ஓடக்காரன் பாட்டுக்கு ஓட்டே விழவில்லை. ஜன்னல் பாட்டு முதல் இடத்துக்கு வந்தது இப்படித்தான்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாவது நாள் சிறுநீர் பையில் நிறைவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். என் மனைவி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை நின்றாள். பிறகு இன்னொரு டம்ளர் கொண்டுவந்தாள். அதையும் முழுதாகக் குடித்தேன். அந்தத் தண்ணீரை உனக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அப்பாவிடம் உடனே சொல்லியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். யோசித்துப் பார். வைத்த சிறுநீரகத்தை எடுத்துக் கொடுக்க முடியாது. சொன்னால் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை, போவது ஒரு நண்பன். ஏற்கெனவே ஒன்றை எடுத்துக்கொண்டவன் இன்னொன்றையும் எடுக்கலாமா என்று தோன்றியது. டாக்டர் சீட்டு விஷயம் மட்டும்தான் பாக்கி. சீட்டு வாங்கி வாருங்கள் என்றால் எந்தக் காய்ச்சலுக்கு என்று கேட்பார். காய்ச்சலைத் தொடாமல் சீட்டைச் சொல்லும் வழி ஒன்றை நான் உண்மையாகவே தேடினேன். கிடைக்கவில்லை.

நடமாட முடிந்ததும் மறுபடி சென்டருக்குப் போகத் தொடங்கினேன். நோயாளியாக இல்லை, துணைக்கு. உன் அப்பாவின் காலில் சதை பிடித்து இழுக்கும்போது நான்தான் பாதத்தைப் பிடித்து மடக்குவேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆளா என்று சிஸ்டர் சொன்னது உன் காதுக்கும் வந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து அவர், "ஒரு நடை போய்ப் பட்டியலைப் பாத்துட்டு வரட்டுமா? ஏன் கூப்பிடவே மாட்டேங்கறாங்க" என்றார். மெஷின் நாளில் அவருக்கு நிற்கத் தெம்பு இருக்காது, மற்ற நாளில் கண்ணாடிக் கடை. "நீங்க எதுக்கு அலையறீங்க? மாசா மாசம் செக்கப்புக்கு நான் அங்கதானே போறேன், கேட்டுட்டு வரேன்" என்றேன். கேட்டுவிட்டு வந்ததாகவும் சொன்னேன். அடுத்தது நீங்கள்தான் என்று சொன்னேன். ஒவ்வொரு மாதமும் அதையே சொன்னேன். அதைக் கேட்ட அன்று அவர் முகம் தெளிந்திருக்கும், அக்காவோடு பாட்டுச் சண்டை போடுவார். அந்த அளவுக்கு அது நல்லதும் செய்தது.

பட்டியல் பார்க்கிற பெண்ணின் மேஜை, நான் செக்கப்புக்குப் போகும் அறையின் வாசலிலேயே இருக்கிறது. அவளுக்கு என் முகம் நோயாளியாகத் தெரியும், போனில் பேசிய குரலாகத் தெரியாது. நல்லா தண்ணி குடிக்கறீங்களா என்று கேட்பாள். குடிக்கிறேன் என்பேன். நான்காவது மாதம் அவள் மறுபடி என் எண்ணுக்கு அழைத்தாள். போன தடவை நீங்கதானே எடுத்தீங்க, அதான் உங்களுக்கே போட்டேன், அவருக்கு உடம்பு சரியாச்சா, சீட்டு வரலையே என்றாள். இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றேன். எட்டு மாதத்தில் எங்கள் ரத்த வகைக்கு இரண்டு சிறுநீரகங்கள் வந்தன. இரண்டும் யாருக்குப் போயின என்று எனக்குத் தெரியும். ஒருவரை அந்த வாசலில் பார்த்துப் பேசியிருக்கிறேன்.

மிச்சம் உனக்குத் தெரியும். ஒரு திங்கட்கிழமை காலை, அப்பா போனை எடுக்கவில்லை, போய்ப் பாருங்கள் சித்தப்பா என்று நீ எனக்குத்தான் போன் செய்தாய். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் வருகிற நீண்ட இடைவெளியில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடுவது எங்களில் பலருக்கு நடப்பதுதான். கடைக்குப் பின்னால் இருந்த அறையில், கட்டிலில் பாதியும் தரையில் பாதியுமாகக் கிடந்தார். நீ வருவதற்குள் நான் அவரை நேராகக் கிடத்திவிட்டேன். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று நான் உன்னிடம் சொன்னது உண்மை இல்லை.

ஒன்றை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். அவர் போவதற்கு ஒன்பது நாள் முன்பு, மெஷினில் இருக்கும்போது, பழைய மெசேஜ்களை அழித்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்தினார்.

"கிலோ சார், நாம ஓட்டுப் போட்ட அன்னிக்கு ஒன்றரை மணி வாக்குல எனக்கு மூணு போன் வந்ததா ஒரு மெசேஜ் கெடக்கு. ஆஸ்பத்திரி நம்பர் மாதிரி இருக்கு. உங்களுக்கு எதுவும் வரலையே?"

"இல்லையே" என்றேன். "எனக்காக இருக்கும். உங்க மூலமா என்னைப் பிடிக்கப் பாத்திருப்பாங்க."

அவர் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, மெஷின் இரண்டு முறை விசில் அடித்தது, சிஸ்டர் வந்து ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுப் போனாள். "அப்படித்தான் இருக்கும்" என்றார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கால் இழுக்கிறது, கொஞ்சம் பிடிங்க என்றார். பிடித்துவிட்டேன். அதன்பிறகு மூன்று நாள் மெஷினில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். அவர் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன், அம்மா. அவர்தான் கேட்கவில்லை.